நான்காவது அச்சம்

டில்லியில் மார்கழி பிறந்துவிட்டால், விடியற்காலையில் பால் வாங்கப் புறப்படுகிறவனுக்குத் தன் கையிலுள்ள பையே கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மூடுபனி இறங்கிவிடுகிறது என்று நாங்கள் சொன்னால், சென்னையிலிருந்து வரும் உறவினர்கள் அதை அதிசயோக்தி என்று எண்ணிச் சிரிக்கிறார்கள். யமுனைக் கரையை ஒட்டிய மயூர் விஹாரில் எங்களோடு ஒரு வாரம் தங்கி, விமானம் இன்று கிளம்பாது, ரயில் 11 மணி நேரம் தாமதம் என்ற செய்திகளைத் தம் காதாலேயே கேட்ட பிறகுதான் அந்தச் சிரிப்பு அடங்குகிறது. அப்படிப்பட்ட பனிக்காலத்தில், அடுத்தடுத்து இரண்டு சனிக்கிழமை மாலைகளில், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில், அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் வீட்டுக் கூடத்தில், ஸ்வெட்டரும் சால்வையுமாகப் பதினைந்து பேர் கூடி, நடுவில் வறுத்த வேர்க்கடலையைக் குவித்து வைத்துக்கொண்டு, பழைய ஹிந்திப் பேய்ப்படங்கள் இரண்டைப் பார்த்தோம். முதல் வாரம் பார்த்தது 1962-இல் வந்த ‘பீஸ் சால் பாத்’; அடுத்த வாரம் பார்த்தது 1964-இல் வந்த ‘கோஹ்ரா’. கோஹ்ரா என்றாலும் மூடுபனிதான். ஆகவே அன்று ஜன்னலுக்கு அப்பால் ஒன்றும் திரைக்குள் ஒன்றுமாக இரண்டு மூடுபனிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தோம் என்று சொல்லலாம்.

இரண்டு படங்களையும் இயக்கியவர் பீரேன் நாக். இரண்டையும் தயாரித்து இசையமைத்தவர் ஹேமந்த் குமார். இரண்டிலும் கதாநாயகன் பிஸ்வஜித், கதாநாயகி வஹீதா ரஹ்மான். வஹீதாவின் பெயர் திரையில் தோன்றிய மாத்திரத்தில், “நம்ம செங்கல்பட்டிலே பிறந்த பெண்” என்று ஒருவர் பிரகடனம் செய்ததும், ‘காலம் மாறிப்போச்சு’ படத்தில் அவர் ஆடிய நடனத்தை மற்றொருவர் ஞாபகப்படுத்தியதும், 2023 அக்டோபரில் இதே டில்லியின் விஞ்ஞான பவனில் குடியரசுத் தலைவர் கையால் அவர் தாதாசாஹேப் பால்கே விருது பெற்றதை மூன்றாமவர் சொல்லி முடித்ததும், டில்லித் தமிழர்கள் கூடுமிடத்தில் நடந்தே தீரவேண்டிய சடங்குகள். அவை முடிந்த பிறகே படம் ஆரம்பமாயிற்று. இரண்டு கதைகளும் ஆங்கில நாவல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. முன்னதற்கு மூலம், கானன் டாயில் எழுதி 1902-இல் புத்தகமாக வெளிவந்த பாஸ்கர்வில் வேட்டைநாயின் கதை. பின்னதற்கு மூலம், டாஃப்னி டு மாரியர் 1938-இல் வெளியிட்டு, ஹிட்ச்காக் 1940-இல் படமாக்கிய ‘ரெபெக்கா’.

படம் பார்ப்பதைவிடப் படம் பார்த்தவர்களின் அபிப்பிராயங்களைக் கேட்பதில் எனக்கு ருசி அதிகம். ஒரு படம் ஒன்றரையிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் தன்னைக் காட்டி முடித்துவிடுகிறது. அபிப்பிராயமோ, சொல்கிறவர் யார், எந்த வீட்டில் வளர்ந்தவர், எதற்கு அஞ்சியவர், எதை மறைக்கிறவர் என்பதையெல்லாம் அவர் அறியாமலேயே அவிழ்த்துக் காட்டிக்கொண்டே போகிறது. அதிலும் பயப்பட வேண்டிய படத்தைப் பற்றிய அபிப்பிராயம் மிகவும் விசேஷமானது. சோகப் படத்தைப் பார்த்து அழுதேன் என்று சொல்ல யாரும் கூசுவதில்லை. பேய்ப்படத்தைப் பார்த்துப் பயந்தேன் என்று ஒப்புக்கொள்ளும் ஆண்மகனை நான் இன்னும் சந்திக்கவில்லை.

எங்கள் கூடத்தில் மூன்று கட்சிகள் உண்டாயின. கல்லூரியில் படிக்கும் பேரப்பிள்ளைகள், “இதுல பயப்பட என்ன தாத்தா இருக்கு?” என்று கேட்டு, படம் முழுவதையும் ஹாஸ்யமாகவே ரசித்து முடித்தார்கள். தாத்தாக்கள், இதே படத்தை வாலிபத்தில் பார்த்துவிட்டு இரவில் தனியாக மாடிப்படி ஏற அஞ்சிய நண்பர்களைப் பற்றிப் பேசினார்கள். எப்போதும் நண்பர்கள்தாம் அஞ்சியிருந்தார்கள். மூன்றாவது கட்சி ஒரே ஒருவரைக் கொண்டது. தரியாகஞ்சில் ஞாயிற்றுக்கிழமை நடைபாதைப் புத்தகக் கடைகள் பரவியிருந்த காலத்தில், முப்பது ரூபாய்க்கு வாங்கிய டு மாரியரின் நாவலை இன்றளவும் அட்டை போட்டு வைத்திருக்கும் அந்த நண்பர், ஒவ்வொரு காட்சியிலும், “புத்தகத்தில் இப்படி இல்லை” என்று ஆட்சேபம் எழுப்பிக்கொண்டே வந்தார்.

பிள்ளைகளின் கட்சியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதற்குப் பதில் சொல்வது சுலபம். பேய்க்கெல்லாம் அஞ்சும் காலம் மலையேறிவிட்டது என்பது அவர்களுடைய வாதம். அவர்கள் பிறப்பதற்குச் சற்று முன்பு, 2001-ஆம் ஆண்டு மே மாதத்தில், இதே கிழக்கு டில்லியிலும் அண்டையிலுள்ள காஜியாபாதிலும், மின்சாரம் நின்று வெக்கை தாங்காமல் மொட்டை மாடியில் படுத்திருந்த ஜனங்களை நள்ளிரவில் ஒரு கறுப்புக் குரங்கு மனிதன் பிறாண்டிவிட்டு ஓடுகிறான் என்ற வதந்தி எழுந்தது. அவன் தலையில் ஹெல்மெட் இருந்ததாக ஒருவர் சொன்னார்; கையில் இரும்பு நகங்கள் இருந்ததாக மற்றொருவர் சொன்னார்; கண்கள் சிவப்பு விளக்குகள்போல எரிந்ததாக மூன்றாமவர் சத்தியம் செய்தார். காவல்துறை படம் வரைந்து வெளியிட்டது. பீதியில் மாடியிலிருந்து விழுந்து உயிர் துறந்தவர்களும் உண்டு. கடைசியில் வல்லுநர்கள் ஆராய்ந்து, அப்படி ஒரு பிராணியே கிடையாது, அது கூட்டமாக ஏற்பட்ட மனப்பிரமை என்று முடிவு கூறினார்கள். ‘பீஸ் சால் பாத்’ படத்தில் இருளிலிருந்து நீளும் நகம் வளர்ந்த கையைப் பார்த்து எங்கள் பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தபோது, அந்த மே மாதத்தில் கொளுத்தும் வெயில் காலத்திலும் ஜன்னல்களை இறுகச் சாத்திக்கொண்டு வியர்வையில் நனைந்து படுத்திருந்த அவர்களுடைய தகப்பனார், சிரிப்பில் கலந்துகொள்ளாமல் கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன்.

அறிவு வளர்ந்த நகரம் ஆவிகளைத் துரத்திவிடுகிறது என்பதும் டில்லி விஷயத்தில் பொருந்தாத சித்தாந்தம். ஃபிரோஸ் ஷா துக்ளக் 1354-இல் எழுப்பிய கோட்லாவின் இடிபாடுகளில், இன்றும் வியாழக்கிழமைதோறும் ஜனங்கள் கூடி, அங்கே வசிப்பதாக நம்பப்படும் ஜின்களுக்குத் தங்கள் குறைகளை மனுவாக எழுதி வைக்கிறார்கள். ஒரே மனுவை ஜெராக்ஸ் எடுத்துப் பல மாடங்களில் தனித்தனியாக வைப்பதும் உண்டு. மத்திய அரசின் தலைநகரத்தில் வசிப்பவர்களுக்கு, ஒரு மேஜையில் காரியம் நடக்காவிட்டால் மற்றொரு மேஜையில் நடக்கலாம் என்ற அனுபவ ஞானம் ஆவி உலகத்தைப் பொறுத்தும் மாறுவதில்லை.

பிள்ளைகள் மற்றொரு குறையும் கூறினார்கள்: பயம் உச்சத்துக்கு ஏறும் சமயத்தில் பாட்டு வந்து கெடுத்துவிடுகிறதாம். இது நான் நாற்பது ஆண்டுகளாகக் கேட்டு வரும் புகார். ஒரு முறையும் அதோடு எனக்கு உடன்பாடு ஏற்பட்டதில்லை. கானன் டாயிலின் கதையில் ஒரு வம்சத்தைத் துரத்துவது ஒரு நாய். சதுப்பு நிலத்தில் அதன் ஊளை கேட்கிறது. அந்தக் கதையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் நாயை எடுத்துவிட்டு, ஜமீன்தாரால் கெடுக்கப்பட்டு உயிரை விட்ட ஒரு கிராமத்துப் பெண்ணின் ஆவி அந்தக் குடும்பத்தைப் பழி வாங்குகிறது என்று மாற்றினார்கள். ஊளை கேட்க வேண்டிய இடத்தில் லதா மங்கேஷ்கரின் குரல் கேட்கிறது. அந்தப் பாட்டுக்காக அவருக்கும், அதை எழுதிய ஷகீல் பதாயூனிக்கும் ஃபிலிம்ஃபேர் பரிசுகள் கிடைத்தன என்பது இருக்கட்டும். அந்தக் குரல் பயத்தை இடைமறித்துக்கொண்டு வரவில்லை. பயமே அந்தக் குரலாக வருகிறது. 1949-இல் ‘மஹல்’ வந்த நாளிலிருந்து நம் திரையில் ஆவி என்றால் அது பாடும். ‘வோ கௌன் தீ’ தமிழில் ‘யார் நீ’ ஆனபோது பி. சுசீலாவின் குரலிலும் அது பாடிற்று. இங்கிலாந்தில் ஆவி ஊளையிடுவதும் நம் நாட்டில் பாடுவதும் ஏன் என்று கேட்டால், அந்நாட்டு ஆவிகள் பெரும்பாலும் பயமுறுத்த வருகின்றன, நம் நாட்டு ஆவிகள் நியாயம் கேட்க வருகின்றன என்பது என் எண்ணம்; நியாயம் கேட்கிறவள் ஒப்பாரியில் கேட்பதும் பாட்டில் கேட்பதும் நமக்குப் புதிதல்ல. மாற்றத்தில் நஷ்டமடைந்தவர் ஷெர்லாக் ஹோம்ஸ் ஒருவரே. படம் முடிந்த பிறகு துப்பறிகிறவர் என்று நம் நினைவில் தங்குகிறவர், ஒவ்வொரு சொல்லையும் மெழுகுபோல இழுத்து இழுத்துப் பேசிச் சிரிக்க வைக்கும் அஸித் சேன்.

மூலத்துக்கு விசுவாசமாக இல்லை என்ற புத்தக நண்பரின் ஆட்சேபத்தைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றும் இல்லை. வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆரணி குப்புசாமி முதலியாரும் ஆங்கில நாவல்களுக்கு வேட்டி கட்டி, திருநீறோ திருமண்ணோ இட்டு, மதராஸ் வீதிகளில் நடமாட விட்ட பரம்பரை நம்முடையது; தழுவலைக் குற்றமென்று சொன்னால் நம் பாட்டன்மார் படித்த அலமாரியில் பாதி காலியாகிவிடும். தவிரவும், ஹிட்ச்காக்கே விசுவாசமாக இருந்துவிடவில்லை. நாவலில் கணவன் தன் முதல் மனைவியைச் சுட்டுக் கொல்கிறான். மனைவியைக் கொன்றவன் தண்டனையின்றித் தப்பக் கூடாது என்ற ஹாலிவுட்டின் அக்காலத்துத் தணிக்கை விதியினால், படத்தில் அவள் தடுக்கி விழுந்து, விபத்தில் இறந்துபோகிறாள். “அப்படியானால் அது மட்டும் மூலத்துக்குச் செய்த துரோகமில்லையா?” என்று கேட்டேன். நண்பர், “அது ஹிட்ச்காக்” என்றார். பக்திக்கு எதிராக வாதம் செய்வதில் பயனில்லை.

‘கோஹ்ரா’ ஓடிய அந்த இரண்டாவது சனிக்கிழமைதான் விஷயம் சூடு பிடித்தது. படம் முடிந்ததும் ஆண்கள் எல்லோரும் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டார்கள்: பேய் உண்டா, இல்லையா? இரவில் அந்த மாளிகையின் தாழ்வாரங்களில் பாடிக்கொண்டு போன குரல் யாருடையது? புது மனைவியின் மனப்பிரமையா, எவரேனும் செய்த சூழ்ச்சியா, மெய்யாகவே செத்தவளுடையதா? ‘பீஸ் சால் பாத்’ கடைசியில் முகமூடியைக் கழற்றி, நகம் வளர்ந்த கைக்குச் சொந்தக்காரன் ஒரு மனிதனே என்று காட்டிவிடுகிறது. வழக்கு தீர்ந்த திருப்தியோடு நாம் எழுந்து போகலாம். அந்த ஆண்டில் மிக அதிகமாக வசூல் செய்த படங்களுள் அது ஒன்று. ‘கோஹ்ரா’ அந்த வெற்றியை எட்டவில்லை. அதற்குக் காரணம், கோப்பை மூடி முத்திரை வைக்காமல் விட்டதுதான் என்று ஓய்வு பெற்ற அதிகாரிகள் ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்.

இவர்கள் எல்லோரும் தப்பான இடத்தில் பேயைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. அச்சம் என்னும் மெய்ப்பாடு பிறக்கும் இடங்கள் நான்கு என்று தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுக்கிறார்: வருத்தும் தெய்வமும் பேயும் போன்றவை ஒன்று, கொடிய விலங்கு மற்றொன்று, கள்வர் மூன்றாவது, தம்மை ஆளும் இறைவன் நான்காவது. இத்தனை நூற்றாண்டுகளுக்குப் பிறகும் இந்தப் பட்டியலில் சேர்க்கவோ நீக்கவோ எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. கானன் டாயில் இரண்டாவதைக் கையாண்டார். பீரேன் நாக்கின் முதல் படம், அந்த விலங்கை எடுத்துவிட்டு அணங்கை வைத்து, முடிவில் அதைக் கள்வர் கணக்கில் எழுதிற்று. நான்காவதைக் குறித்து நாம் அதிகம் யோசிப்பதில்லை. அரசர்கள் போய்விட்டார்களே, இனி இறைவனிடம் என்ன அச்சம் என்று விட்டுவிடுகிறோம். இறை என்ற சொல்லை அரசன் என்ற ஒரு பொருளோடு நிறுத்திவிடாமல், எந்த இடத்தில் நாம் வாழ வேண்டியிருக்கிறதோ அந்த இடத்தின் அதிகாரம் முழுவதும் எவர் கையில் இருக்கிறதோ அவர் என்று விரித்துப் பொருள் கொண்டால், ‘ரெபெக்கா’வின் அச்சம் இந்த நான்காவது வகை என்பது விளங்கும்.

அந்த நாவலில் பேய் கிடையாது. ஹிட்ச்காக் படத்திலும் கிடையாது. இறந்துபோன முதல் மனைவியின் முகத்தை ஹிட்ச்காக் ஒரு கணமும் காட்டவில்லை. இருப்பதெல்லாம் ஒரு பெரிய வீடு, அதில் அவள் எழுதிய மேஜை, அவள் பெயரின் முதலெழுத்தைத் தைத்த கைக்குட்டை, அவள் வகுத்துவிட்டுப் போன சாப்பாட்டு நேரம், அவள் பிறந்த வீட்டிலிருந்து கூடவே வந்து அவளையே தெய்வமாக வழிபடும் ஒரு வேலைக்காரத் தலைவி. இரண்டாவதாக வந்தவளுக்கு நாவல் முழுவதிலும் பெயரே இல்லை. இதை மேல்நாட்டு விமரிசகர்கள் பெரிய உத்தியாகப் புகழ்வது வழக்கம். மாமனார் வீட்டுக்கு வந்த நாள் முதலாக, “ஏய்”, “இதோ பார்”, “பெரியவன் பெண்டாட்டி” என்று மட்டுமே அழைக்கப்பட்ட நம் பாட்டிகள் அதைப் படித்திருந்தால், இதில் என்ன அதிசயம் என்று கேட்டிருப்பார்கள். ஹிந்திப் படத்தில் அவளுக்கு ராஜேஸ்வரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். டு மாரியர் இந்த நாவலை எழுதத் தொடங்கியது, ராணுவ அதிகாரியான கணவரோடு எகிப்தில் அலெக்ஸாண்டிரியாவில் இருந்தபோது. பழக்கமில்லாத ஊரில், உத்தியோக மாற்றலில் வந்த இடத்தில், அதிகாரி மனைவி என்ற வேஷத்தைத் தரித்து விருந்துகளை நடத்த வேண்டியிருந்த பெண் அவர். டில்லியில் சர்க்கார் குவார்ட்டர்ஸில் குடித்தனம் தொடங்கிய எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கும் அந்த நிலைமையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பீரேன் நாக் இயக்குநராவதற்கு முன் கலை இயக்குநராகப் பெயர் பெற்றவர். ‘ப்யாசா’, ‘சௌத்வீன் கா சாந்த்’, ‘சாஹிப் பீபி ஔர் குலாம்’ ஆகிய படங்களின் அரங்குகள் அவருடைய கைவண்ணம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு ‘கோஹ்ரா’வைப் பார்த்தால், அதில் பிரதான பாத்திரம் நடிகர் எவரும் அல்லர், வீடே என்பது தெரியும். கதவுகள் மனித அளவுக்கு மேல் உயர்ந்திருக்கின்றன. தூண்களின் நிழல் விழும் திசையில் புது மனைவி நடக்கத் தயங்குகிறாள். சொந்த வீட்டில் அவள் எப்போதும் ஓரத்திலேயே நிற்கிறாள். நடுக்கூடம் செத்தவளுக்குச் சொந்தம். அவள் சார்பாக அந்த நடுக்கூடத்தைக் காவல் காப்பவர், தாயீமா என்ற கிழவியாக வரும் லலிதா பவார். 1942-இல் படப்பிடிப்பு ஒன்றில் சக நடிகர் பலமாக அறைந்ததால் இடது கண் பழுதுபட்டு, கதாநாயகி வேஷங்களை இழந்து, அந்தக் கண்ணையே மூலதனமாக்கிக் கொடுமைக்கார மாமியாராகப் பல்லாண்டு நம்மை நடுங்க வைத்தவர். தொலைக்காட்சி ராமாயணத்தில் கூனியாக வந்தவரும் அவரே. ஹிட்ச்காக் தம் படத்தில் அந்த வேலைக்காரத் தலைவி நடந்து வருவதை அநேகமாகக் காட்டாமல், திரும்பினால் அங்கே நிற்கிறாள் என்று அமைத்தார். லலிதா பவார் நடந்துதான் வருகிறார். வந்து, ஒன்றும் பேசாமல், புதியவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொள்ளும் வரையில் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆண்கள் பேயின் உண்மை பொய்யை விசாரித்துக்கொண்டிருந்த நேரத்தில், பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், “பேயெல்லாம் எதுக்கு? அந்தக் கிழவி பாக்கற பார்வை ஒண்ணு போறாதா?” என்றது. சொன்னவர், எழுபது வயதைத் தாண்டிய, கும்பகோணத்துக்குப் பக்கத்திலிருந்து லோதி காலனிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மாமி. இன்னொரு மூலையிலிருந்து திருநெல்வேலி அக்கா ஒருவர், “எங்க மாமியார் சாவிக்கொத்தை இடுப்புல சொருகிக்கிட்டு வருவாவ பாருங்க, அந்தச் சத்தம் எனக்கு இன்னைக்கும் தூக்கத்துல கேக்கும்” என்று தொடர்ந்தார். அதன் பிறகு சமையலறை வாசற்படி யாருடையது, உப்பு ஜாடி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்க எத்தனை வருஷம் ஆயிற்று என்றெல்லாம் பேச்சு வளர்ந்தது. படத்தைப் பற்றிப் பேசுவதை விட்டு எங்கோ போய்விட்டார்கள் என்று ஆண்கள் முகம் சுளித்தார்கள். அன்று மாலை படத்தைப் பற்றிப் பேசியவர்கள் அவர்கள் மட்டுமே என்பது என் தீர்ப்பு.

கும்பகோணத்து மாமி அத்தோடு நிற்கவில்லை. தாம் இளையாளாக வந்தவர் என்பதை எங்களில் பலர் அன்றுதான் அறிந்தோம். மூத்தாள் பிரசவத்தில் போய்விட்டாளாம். மாமி வந்து சேர்ந்தபோது கூடத்தில் அவள் படம் சந்தன மாலையோடு மாட்டியிருந்ததாம். மாமியார் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தப் படத்துக்குப் பூ வைத்துவிட்டுத்தான் புது மருமகளுக்குப் பூ கொடுப்பாராம். “பயமா இருந்ததா?” என்று ஒரு பேத்தி கேட்டாள். “இருந்தது. பேய்னு இல்லை. அவ நன்னா சமைப்பாளாம்” என்றார் மாமி.

இங்கிலாந்துப் பிரபுவின் மாளிகையில், இறந்த மனைவியின் அறையை மேற்குப் பகுதியில் அப்படியே பூட்டி வைத்து, அவள் பெயரை வாய்விட்டுச் சொல்ல அஞ்சி, அந்த மௌனத்திலேயே அவளை ஒரு பூதமாக வளர்த்துவிடுகிறார்கள். நம் குடும்பங்கள் இந்தச் சங்கடத்துக்கு வேறு உபாயம் கண்டிருக்கின்றன. சுமங்கலியாக இறந்த பெண்களை உத்தேசித்துச் செய்யும் சுமங்கலிப் பிரார்த்தனையில், இறந்தவளுக்குத் தனியாக இலை போட்டு, புதுப்புடவை வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு உபசரிக்கிறார்கள். மற்றக் குடும்பங்களில் இவளே பூவாடைக்காரியாக இருந்து, கல்யாணத்துக்கு முன்னால் பொங்கலும் புடவையும் பெற்றுக்கொள்கிறாள். மூத்தாளுக்கு இலை போடுகிறவள் பல வீடுகளில் இளையாளே. வடக்கே பஞ்சாபிலும், இறந்த முதல் மனைவியின் உருவம் பொறித்த தகட்டை இரண்டாம் மனைவி கழுத்தில் அணிந்துகொள்ளும் வழக்கம் இருந்திருக்கிறது. இவையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒதுக்க நினைப்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஒரு வீட்டின் அதிகாரம் செத்தவளிடமிருந்து உயிரோடிருப்பவளுக்கு மாறுவதற்கு ஒரு சடங்கு தேவைப்பட்டிருக்கிறது என்பதையும், அந்தச் சடங்கு இல்லாத மாளிகையில் அந்த மாற்றம் நடக்கவே இல்லை என்பதையும் மட்டும் சொல்கிறேன். ராஜேஸ்வரிக்கு அந்த மாளிகையில் யாராவது ஒரு இலையைக் கொடுத்து, “போடம்மா” என்று சொல்லியிருந்தால் பாதிக் கதை நடந்திராது.

இவ்வளவு சொன்ன பிறகு, ‘கோஹ்ரா’வைக் குறையற்ற படம் என்று நான் கருதுவதாக எண்ணக் கூடாது. நான்காவது அச்சம் கையில் இருக்கும்போதே, அதை நம்பாமல் முதலாவதையும் கூப்பிட்டுக்கொண்டதுதான் அதன் பலவீனம். லலிதா பவாரின் பார்வை நிறைந்திருக்கும் அறைக்குள் ஆவியின் குரலையும் அழைத்து வந்ததால், பார்க்கிறவர்கள் குரலின் பின்னாலேயே போய்விட்டார்கள். முந்தைய படத்தில் ஆவியின் பாட்டு பலித்தது என்பதற்காக இதிலும் அதை வைத்தார்கள் போலும். பாட்டு என்னவோ அபாரமான பாட்டு; கைஃபி ஆஸ்மியின் சொற்களுக்கு ஹேமந்த் குமார் அமைத்த மெட்டு. அங்கே கதிகெட்டு நடந்தது பாட்டின் தப்பல்ல. அந்த வம்சத்துக்கு அந்த ஆவியிடம் பட்ட கடன் எதுவும் இல்லாததால், அவள் நியாயம் கேட்க வரவில்லை, மிரட்ட மட்டுமே வருகிறாள். மிரட்டுகிறவள் பாடினால் நமக்கு ஒட்டுவதில்லை.

நம் மொழியிலும் ஒரு மூடுபனி உண்டு என்பதை அன்று யாரும் எடுக்காமல் விட்டது எனக்கு வருத்தம். ராஜேந்திரகுமாரின் ‘இதுவும் ஒரு விடுதலைதான்’ என்ற நாவலைக் கொண்டு, ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வின் சாயலும் படிய, பாலு மகேந்திரா எடுத்த ‘மூடுபனி’, 1980 நவம்பரில் வெளிவந்தது. இளையராஜாவுக்கு அது நூறாவது படம். பிரதாப் போத்தனின் பித்துப் பிடித்த கண்களைப் பார்த்து நடுங்கியதாகப் பலரும் எழுதினார்கள். ஆயினும் அந்தப் படத்தை வந்தபோதே பார்த்தவர்களுக்கு வேறொரு நடுக்கம் இருந்தது: அதன் கதாநாயகி ஷோபா, அந்த ஆண்டு மே மாதமே, 18 வயதைக்கூட எட்டாமல் இறந்துவிட்டிருந்தார். பனி படிந்த உதகமண்டலத்தில் அந்தப் பெண் சிரிக்கும்போது, அரங்கில் இருந்த எவருக்கும் பேய் உண்டா இல்லையா என்ற கேள்வி எழவில்லை. செத்தவள் சிரித்துக்கொண்டிருந்தாள், நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கூட்டம் கலைந்தபோது இரவு பத்தரை மணி. மாடிப்படி விளக்கைச் சுற்றிலும் பனி பஞ்சுபோல நின்றது. புத்தக நண்பர் நாவலைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு போனார். பேரப்பிள்ளைகள், பயமே இல்லை என்று சொன்னவர்கள், கைத்தொலைபேசியின் வெளிச்சத்தை முன்னால் பிடித்தபடி மூவராகச் சேர்ந்தே இறங்கினார்கள். கும்பகோணத்து மாமி என் மனைவியின் கையைப் பிடித்து நிறுத்தினார். தை மாதம் பேத்திக்குக் கல்யாணம். அதற்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை சுமங்கலிப் பிரார்த்தனை வைத்திருக்கிறாராம். பெண்டுகளில் ஒருத்தியாக வந்து உட்கார வேண்டுமாம். அதற்கு முன் ஒரு நாள் கரோல் பாக் வரைக்கும் கூட வர முடியுமா என்று கேட்டார்.

“ஒன்பது கஜம் ஒண்ணு வாங்கணும். அரக்கு வேண்டாம், அக்காவுக்குப் பிடிக்காதாம், எங்காத்து மாமா சொல்லியிருக்கார். மாம்பழக் கலர்ல கிடைச்சா தேவலை.”